சவரி மாமா அடக்கமும் என் மழை மிஷினும்

எங்கள் தொழிலில் ஒரு பெரிய வசதி உண்டு. முக்கியமான வாடிக்கையாளர் குறையே சொல்ல மாட்டார். பெட்டி இறுக்குகிறது, வண்டி குலுங்குகிறது, மாலை வாடிவிட்டது என்று அவரிடமிருந்து ஒரு வார்த்தை வராது. அப்படிப்பட்ட தொழிலிலும், எழுந்து உட்கார மட்டும் முடிந்திருந்தால் என் கன்னத்தில் ஓர் அறை விட்டிருப்பார் என்கிற நிலைக்கு ஒருவரைக் கொண்டுபோனவள் நான். விட்டிருந்தால் மறு பேச்சில்லாமல் வாங்கிக்கொண்டிருப்பேன்.

ராயபுரத்தில் என் அப்பாவுக்குச் சவப்பெட்டிக் கடை. பெட்டியோடு நிற்கவில்லை. பிரீசர் பாக்ஸ், சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, கடைசியாகப் போகும் வண்டி எல்லாமே எங்களிடம் கிடைக்கும். ("சாவு வூட்டுக்காரன் நாலு கடை ஏறி எறங்கக் கூடாது" என்பது அப்பாவின் கொள்கை. கல்யாண வீட்டுக்காரன் ஏறி இறங்கலாமாம்.) நான் பி.காம். முடித்து, ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வந்தவள். அந்த ஆறு மாதத்தில் துறைமுகத்தையே தனியாக நடத்தும் அளவுக்கு அறிவு வந்துவிட்டதாக எனக்கு ஓர் எண்ணம். கடைக்குத் திரும்பியதும் எதைத் திருத்தலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன். மழை கிடைத்தது.

கடல் பக்கத்து ஊர். நாலடி தோண்டினாலே மண் கசகசவென்று ஈரமாக வரும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். காலையில் வெட்டிய குழி மதியம் கிணறாகிவிடும். அதனால் அந்த மாதங்களில் அடக்கத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால்தான் வெட்டுவார்கள். ஒரு வருடம் அதிலும் கணக்குத் தப்பியது. ஒரு பெரியவரைக் கயிறு கட்டி இறக்கும்போது கீழே முழங்கால் அளவு தண்ணீர். பெட்டி கீழே போக மறுத்து, தலைமாடு மேலே தூக்கி, ஓரமாகப் போய் இடித்துக்கொண்டு நின்றது. அவருடைய மகள்கள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்று அப்பாவுக்குத் துணையாக வந்திருந்தவர் சவரி மாமா. அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். கடைக்குத் திரும்பி வந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"மச்சான்," என்றார் கடைசியில். "என்னிய மட்டும் தண்ணில எறக்கிடாத. முப்பது வருசமா தண்ணிய பாத்துகினே வேல செஞ்சிட்டேன். போவ சொல்லோ காஞ்ச மண்ணுல போவணும்."

"எனுக்கு முன்னாடி நீ போவ போறியா? பேசாம டீய குடி," என்றார் அப்பா.

அந்த இடத்தில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போய் நின்றேன். "மாமா, அத நான் பாத்துக்கறேன். இனிமே நம்ம கடையில மழை ஒரு பிரச்சனையே இல்ல."

மாமா சிரித்து என் தலையில் கை வைத்தார். அந்தக் கையை இன்று நினைத்தாலும் எனக்கு உச்சந்தலை கூசும்.

பத்து நாளில் மிஷினைத் தயார் செய்துவிட்டேன். (மிஷின் என்பது அப்பா வைத்த பெயர். உண்மையில் அது கடையின் பழைய கம்ப்யூட்டரில் நான் எழுதிப் போட்ட நாலு பக்கம்.) இணையத்தில் இலவசமாக வானிலைத் தகவல் தரும் ஒரு சேவை இருந்தது. நாம் ஓர் இடத்தைக் கொடுத்தால், அங்கே இப்போது மழையா, காற்று எவ்வளவு, அடுத்த சில மணி நேரத்தில் என்ன ஆகும் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லும். அதைக் கேட்டுக்கொண்டு என் மிஷின் தானாகவே எல்லோருக்கும் செய்தி அனுப்பும். மழை வரும் என்றால் குழி வெட்டும் மணி அண்ணனுக்கு "வெட்ட வேண்டாம், காத்திருக்கவும்". காற்று பலமாக அடிக்கும் என்றால் சாமியானா பாஷா பாய்க்கு "உடனே பிரிக்கவும்". கனமழை என்றால் சாவு வீட்டாருக்கும் உறவினர்களுக்கும் புதிய நேரம். யாரும் யாருக்கும் போன் போட்டு அலைய வேண்டாம்.

அப்பா முதலில் நம்பவில்லை. "வானத்த அண்ணாந்து பாத்தா தெரியாதா?"

"இப்ப மழையான்னு தெரியும் நைனா. ரெண்டு மணி நேரம் கழிச்சு மழையான்னு தெரியுமா?"

அப்பா அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பெண்ணைப் பெற்ற பெருமை அவருக்குத் தலைக்கேறிவிட்டது. பாஷா பாயையும் மணி அண்ணனையும் கடைக்கு வரவழைத்து, என்னை நடுவில் நிற்க வைத்து அறிவித்தார். "இனிமே நான் சொல்றத கேக்காதீங்க. மிஷின் இன்னா சொல்லுதோ அத செய்ங்க. எம்பொண்ணு படிச்சிகீது."

முதல் இரண்டு அடக்கங்கள் பிரமாதமாக நடந்தன. மழை வராது என்றது, வரவில்லை. நான் தெருவில் நடக்கும் நடையே மாறியது.

மூன்றாவதாகச் சவரி மாமா போனார்.

இரண்டு நாள் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் வைத்தே முடிந்துவிட்டது. அப்பா பெட்டியைத் தானே துடைத்தார். உள்ளே விரிக்கும் வெள்ளைத் துணியை மூன்று முறை எடுத்துப் போட்டு, சுருக்கம் நீக்கினார். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அவன் கேட்டது ஞாபகம் கீதா?" தலையாட்டினேன். மறுநாள் மாலை நாலு மணிக்கு அடக்கம் என்று மிஷினில் பதிந்தேன். மாமாவின் மனைவி ரோசி அத்தை தந்த உறவினர் எண்கள் நாற்பதையும் ஏற்றினேன். திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன், ஒன்றைத் தவிர.

மறுநாள் அக்டோபர் மாத வெயில், தார் ரோடு உருகும் வெயில். தெருவை அடைத்துச் சாமியானா. அதன் நடுவில் மாமா. சுற்றிலும் ரோசி அத்தையும் பெண்களும். சாவு வீட்டில் நம் போன் அடிக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம் என்பதால் என் போனை அணைத்து வைத்திருந்தேன். அடக்கப் பூசைக்கு மாதா கோயிலுக்குக் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

திடீரென்று டிங் என்றது யாருடைய போனோ. அடுத்த நொடி இன்னொன்று. பிறகு சாமியானா முழுக்க டிங் டிங் டிங். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த கிழவிகளின் மடியில் டிங். மாமாவின் தலைமாட்டில், ரோசி அத்தை வைத்திருந்த மாமாவின் சொந்தப் போனிலும் டிங். (நாற்பது எண்களில் அதுவும் ஒன்று. நான்தான் ஏற்றியிருந்தேன்.)

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்துப் பார்த்தார். பிறகு சத்தமாகவே வாசித்தார்.

"அன்புடையீர், கனமழை காரணமாகத் தங்கள் நிகழ்ச்சி நாளை காலை ஒன்பது மணிக்கு மாற்றப்பட்டுள்ளது. இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்."

எல்லோரும் சாமியானாவின் ஓரத்தில் தெரிந்த வானத்தைப் பார்த்தார்கள். ஒரு மேகம் இல்லை. காக்கா ஒன்று கரண்டுக் கம்பியில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

எண்ணூரிலிருந்து வந்திருந்த மாமாவின் தம்பி எழுந்தார். "யாரு மாத்துனது? எங்கண்ணன் எய்ந்து வந்து சொன்னானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் முகத்தில் வெயில் அடித்தது. சாமியானாவின் மேற்குப் பக்கம் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பாஷா பாய் வெளியே பரபரப்பாகக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஓடினேன்.

"பாய்! இன்னா பண்றீங்க? உள்ள பொம்பளைங்க உக்காந்துகினு இருக்காங்க!"

"நவுந்துக்கமா. சூறாவளி காத்து வருதாம். நீதானே அனுப்ச்சே?"

"காத்து எங்க பாய் அடிக்குது? ஒரு எல கூட ஆடல!"

"இப்ப ஆடல. அப்பால ஆடும். நைனா இன்னா சொன்னாரு? மிஷின் சொல்றத கேளுன்னாரு. கேக்குறேன்."

இவ்வளவு சொல்பேச்சுக் கேட்கும் மனிதரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பேசிக்கொண்டே இரண்டாவது கயிற்றையும் அவிழ்த்துவிட்டார். சாமியானா பெருமூச்சு விட்டதுபோல் உள்ளே இருந்தவர்கள் தலைமேல் உட்கார்ந்தது. துணிக்கடியில் நாற்பது பேர் கையைத் தூக்கித் தூக்கித் தள்ளினார்கள். வெளியிலிருந்து பார்க்க ஒரு பெரிய கோழிக்கூடு போல் இருந்தது. துணியை இழுத்து எடுத்தபோது ரோசி அத்தை கொளுத்தும் வெயிலில், கண்ணாடிப் பெட்டி மேல் குனிந்து, மாமாவுக்குத் தன் முந்தானையால் நிழல் பிடித்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு முறை பார்த்தார். அவ்வளவுதான்.

நான் கடைக்கு ஓடினேன். ஓடும்போது போனைப் போட்டேன். வந்து குவிந்த செய்திகளில் மிஷின் செய்திருந்த வேலை தெரிந்தது. முதலில் நாளை காலை ஒன்பது. பத்து நிமிடத்தில் மனம் மாறி, இன்றே நாலு மணி. அடுத்த பத்து நிமிடத்தில் மறுபடியும் நாளை. கும்மிடிப்பூண்டி ரயிலில் அத்திப்பட்டிலிருந்து வந்துகொண்டிருந்த மாமாவின் அக்கா குடும்பம் திருவொற்றியூரில் இறங்கி, எதிர் ரயில் ஏறி, அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, மறுபடி இந்தப் பக்கம் ஏறியிருக்கிறார்கள். ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் இந்த நாள் இனிய நாளாக அமையட்டும். அந்த வரி நான் எழுதியது இல்லை. எங்கிருந்தோ எடுத்த மாதிரிச் செய்தியில் இருந்தது. அழிக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கடையில் கம்ப்யூட்டர் அமைதியாக, மிகுந்த பொறுப்போடு வேலை செய்துகொண்டிருந்தது. ஒயரைப் பிடுங்குவதற்கு முன் வரைபடத்தைத் திறந்தேன். எங்கள் கல்லறையைக் காட்டும் சிவப்புப் புள்ளியைத் தேடினேன். ராயபுரத்தில் இல்லை. காசிமேட்டில் இல்லை. படத்தைச் சுருக்கினேன், இன்னும் சுருக்கினேன். சுற்றிலும் நீலம். நடுவில் புள்ளி.

இடத்தைக் குறிக்கும் எண்ணில் எண்பது புள்ளி இரண்டு ஒன்பது என்று அடிக்க வேண்டியதை எண்பது புள்ளி ஒன்பது இரண்டு என்று அடித்திருந்தேன். எங்கள் கல்லறை மூன்று வாரமாக வங்காள விரிகுடாவில், கரையிலிருந்து அறுபது எழுபது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அங்கே அன்று நல்ல மழை, நல்ல காற்று. என் மிஷின் ஒரு பொய் கூடச் சொல்லவில்லை. முதல் இரண்டு அடக்கத்தின்போது நடுக்கடலிலும் வெயில் அடித்திருக்கிறது. அதற்குத்தான் நான் தெருவில் அப்படி நடந்திருக்கிறேன்.

ஒயரைப் பிடுங்கினேன். தரையில் உட்கார்ந்து நாற்பது பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் போட்டேன். "நாலு மணிக்குத்தாங்க. ஆமாங்க, இன்னைக்கேதான். மழை இல்லீங்க. மன்னிச்சிடுங்க." கெட்ட வார்த்தைகளில் எனக்குத் தெரியாதவை சில இருந்தன, அன்று தெரிந்துகொண்டேன். நாற்பதையும் முடித்தபோது எல்லாவற்றையும் சரிசெய்துவிட்ட நிம்மதி வந்தது. முகம் கழுவிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

நாலேகாலுக்கு மாமாவின் வண்டி கல்லறைக்குள் நுழைந்தது. அப்பா ஓட்டினார். பின்னால் நாங்கள். பங்குச் சாமியார் ஜெபப் புத்தகத்தைத் திறந்து, சுற்றும் முற்றும் பார்த்து, "எங்கே?" என்று கேட்டார்.

குழி இல்லை. புல் தரை அப்படியே இருந்தது. வேப்ப மர நிழலில் மண்வெட்டியைப் பக்கத்தில் படுக்க வைத்து, மணி அண்ணன் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் ஆச்சரியமாக எழுந்தார்.

"இன்னா பாப்பா, இன்னிக்கே வந்துட்டீங்க? நாளிக்குன்னு போட்டிருந்தே?"

நாற்பத்தோராவது போன். அதை நான் போடவில்லை.

"வெட்டாத, வெட்டாதன்னு மூணு தபா வந்துச்சு. நானும் வெயிலு காயுதேன்னு பாத்துகினுதான் இருந்தேன். மிஷினுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுதுன்னு வுட்டுட்டேன்."

அப்பா சட்டையைக் கழற்றி வண்டிக் கதவில் போட்டார். மண்வெட்டியை எடுத்தார். மணி அண்ணன் கடப்பாரையை எடுத்தார். எண்ணூர்த் தம்பியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் மாறி மாறி வெட்டினார்கள். சாமியார் ஒரு கல்லறை மேடையில் உட்கார்ந்தார். நான் வெட்டிய மண்ணைக் கூடையில் எடுத்துக் கொட்டினேன். அப்பாவுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. மூச்சு வாங்கும்போதெல்லாம் வண்டியைப் பார்ப்பார், மறுபடி வெட்டுவார்.

ஐந்தே கால் மணி வாக்கில் காற்று குளிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கிழக்கே, துறைமுகத்துக் கிரேன்களுக்குப் பின்னால், வானம் ஸ்லேட்டுக் கலரில் இருந்தது. மதியமெல்லாம் நடுக்கடலில் பெய்துகொண்டிருந்ததே, அந்த மழை. அது எங்களைத் தேடி வந்துகொண்டிருந்தது. நாலு மணிக்கே மாமாவை இறக்கியிருந்தால் காய்ந்த மண்ணில் போயிருப்பார். மழை வரும்போது எல்லோரும் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருப்போம்.

குழி முடியவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. அது தூறி ஆரம்பிக்கவில்லை. கொட்டித்தான் ஆரம்பித்தது. கண் முன்னால் குழியில் தண்ணீர் ஏறியது. நான் யோசிக்கவில்லை. யாரோ விட்டுப்போன பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே குதித்தேன். மொண்டு மொண்டு மேலே ஊற்றினேன். மணி அண்ணன் மேலே நின்று ஒரு பக்கெட்டை இறக்கி இறக்கித் தூக்கினார். நான் ஒரு டப்பா ஊற்றினால் வானம் இரண்டு டப்பா ஊற்றியது. சேறு கணுக்காலைத் தாண்டியது. என்னுடைய ஒரு செருப்பு உள்ளே புதைந்தது. (இன்னும் அங்கேதான் இருக்கிறது, மாமாவுக்குக் கீழே.) அழுதுகொண்டே மொண்டேன். மேலே நின்றவர்களுக்கு அழுகை தெரிந்திருக்காது. மழையில் எல்லா முகமும் ஒன்றுபோல்தான் இருந்தது.

"போதும், ஏறு," என்றார் அப்பா. கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

மணி அண்ணன் ஓரத்தில் குவித்திருந்த மணலை நாலு கூடை கொட்டினார். அதற்கு மேலும் ஒரு சாண் தண்ணீர் நின்றது. அதில்தான் மாமாவை இறக்கினோம். பெட்டி போய் உட்காரும்போது வந்த அந்தச் சத்தம், தண்ணீரில் பலகை வைக்கிற சத்தம், அதற்கு மட்டும் இன்றுவரை எங்கள் வீட்டில் யாரும் வேடிக்கை கண்டுபிடிக்கவில்லை. அப்பா கயிற்றை விட்டுவிட்டுக் குனிந்து, "சவரி, மன்னிச்சிக்கடா," என்றார். விரல்களை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டு நின்றார்.

வண்டியில் திரும்பும்போது வைப்பர் சத்தம் மட்டும்தான். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானே எல்லாவற்றையும் சொன்னேன், புள்ளி இரண்டு ஒன்பது, ஒன்பது இரண்டு, நடுக்கடல். பழைய சிறைச்சாலைத் திருப்பத்தில் அப்பா வண்டியைத் திருப்பினார். பிறகு கேட்டார்.

"அங்க மழ நெசமாவே பேஞ்சுதா?"

"பேஞ்சுது நைனா."

"அப்ப மிஷின் கரீட்டுதான்," என்றார். "நாமதான் தப்பான எடத்துல கீறோம்."

அதற்குப் பிறகு நாலு நாள் பேசவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் ரோசி அத்தை கடைக்கு வந்தார். ஐம்பது நாற்காலியும் ஒரு சாமியானாவும் வேண்டும் என்றார். அப்பா தலை நிமிரவில்லை. "எங்கள்ட்டயா ரோசி? எந்த மூஞ்ச வெச்சிகினு நான் குடுப்பேன்?"

"வேற யார்ட்ட போவ சொல்ற? பண்ண வேண்டிய தப்ப எல்லாம் நீங்க ஏற்கெனவே பண்ணி முச்சிட்டீங்க. புச்சா ஒர்த்தன்ட்ட போனா அவன் முதல்லேர்ந்து ஆரம்பிப்பான்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ வா. போன வூட்ல வெச்சிட்டு வா."

போனேன். நாற்காலிகளை என் கையாலேயே போட்டேன். அன்று பாஷா பாய் கயிற்றைக் கட்டி முடித்ததும் எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிட்டு, "பாத்துக்க, கட்டிட்டேன். இனிமே அவுக்கணும்னா நேர்ல வந்து சொல்லு," என்றார். முதல் சிரிப்பு ரோசி அத்தையிடமிருந்து வந்தது. அதன் பிறகு மற்றவர்களைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

எண்ணைத் திருத்திவிட்டேன். மிஷின் இப்போதும் ஓடுகிறது. ஆனால் எனக்கு மட்டும்தான் செய்தி அனுப்பும். நான் வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு, பிறகு மற்றவர்களுக்கு வாயால் சொல்வேன். அதைக் கேட்டு நடப்பவர்களில் மணி அண்ணன் மட்டும் ஒரு கூடுதல் வேலை செய்வார். ஒவ்வொரு குழிக்கு முன்னாலும் எனக்குப் போன் போட்டு, குரலில் சிரிப்பே இல்லாமல் கேட்பார்: "பாப்பா, குழி கரையிலதானே? இல்ல, கடலுக்குள்ள போவ போட்டு எதுனா எடுத்தாரணுமா?" அந்தக் கேலி எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. என் கல்யாணத்தில் மேடையிலேயே என் வீட்டுக்காரரிடம் சொன்னார்கள். இன்று நான் பீச் ஸ்டேஷனில் இருக்கிறேன் என்று சொன்னால்கூட, "எவ்ளோ தூரம் உள்ள?" என்று கேட்கிறார் அந்த மனிதர். அப்பா ஒருவர்தான் அதற்குச் சிரித்ததே இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

போன வருடம் தவக்காலத்தில் அப்பா போனார்.

அவரே துடைத்து வைத்திருந்த பெட்டிகளில் ஒன்றைத்தான் எடுத்தேன். துணியை விரித்தேன், சாமியானாவுக்குச் சொன்னேன், பூசைக்கு நேரம் வாங்கினேன். அதுவரை எனக்கு அழுகை வரவில்லை. வேலை இருந்தது. காலை பத்து மணிக்கு அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது என் போன் அடித்தது. (அவருடைய சட்டத்தை அவர் சாவிலேயே மீறினேன். அணைக்க மறந்துவிட்டேன்.) மணி அண்ணன்.

"பாப்பா," என்றார். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, எப்போதும் கேட்பதைக் கேட்காமல் விட்டால் நைனாவுக்கு மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, உடைந்த குரலில் கேட்டார். "நைனாவுக்கு... கரையிலதானே? போட்டு எதுனா எடுத்தாரணுமா?"

நான் சிரித்துவிட்டேன். வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. அழுதுகொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னாடி?" என்றார் ரோசி அத்தை. சொன்னேன். அவர் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தோள் குலுங்கினார். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. வெளியே நல்ல வெயில்.

"வேணாம்ணே," என்றேன் போனில். "நடந்தே வந்துடறோம்."